குறிபார்த்தலும் குறிப்பேடும்

குறி என்னும் சொல் தமிழிலே இலக்கையும் உணர்த்தும், அடையாளத்தையும் உணர்த்தும். அச்சொல்லடியாகவே குறிப்பு என்பதும் பிறந்தது. துரோணர் தம் மாணவரை மரத்திலிருந்த பறவையைக் குறிபார்க்கச் செய்து, கண்ணுக்குத் தெரிவது யாது என ஒவ்வொருவரையும் வினவிய பாரதக் கதையை நாம் அறிவோம். அம்பு விடுவதற்கு முன்னரே அவ்வினா எழுந்தது என்பது நோக்கத்தக்கது. அம்பு எங்கே பட்டது என்பதினும், எய்பவன் எதனைக் கண்டான் என்பதையே ஆசிரியர் முதலில் அறிய விரும்பினார். குறிபார்த்துச் சுடுவோன் எழுதும் பயிற்சிக் குறிப்பேட்டின் உயிர்நிலையும் இதுவே.

நம் நாட்டில் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரின் பின், துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளம் நடுங்குவோர் நம்மிடையே பலர். அவர்தம் உணர்வை மதித்தே இதனை எழுதுகின்றேன். ஈண்டுக் கூறப்படுவது, 1896இல் ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவிலேயே இடம்பெற்ற விளையாட்டைப் பற்றியது. அதன் சிறப்புக் கருவியில் இல்லை. பயில்வோன் தன்னைத் தானே அறிந்துகொள்ளும் முறையில் உள்ளது.

10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியை எடுத்துக்கொள்வோம். இலக்கின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீற்றர் விட்டமுடையது. கூரிய பென்சிலால் இட்ட புள்ளியளவினது. ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 2.5 மில்லிமீற்றர். கண்ணருகே உள்ள குறிகாட்டிக்கும் குழல்நுனியில் உள்ள குறிகாட்டிக்கும் இடையே 80 சென்ரிமீற்றர் தூரம் உண்டெனக் கொண்டால், இவை ஒன்றற்கொன்று 0.2 மில்லிமீற்றர் பிசகினாற் போதும். இலக்கிலே ஒரு வளையம் தவறிவிடும். ஒலிம்பிக் தகுதிச் சுற்றிலே இவ்வாறு 60 முறை சுடவேண்டும். இத்துணை நுண்ணிய பிசகுகளை நினைவில் மட்டும் வைத்திருக்க யாரால் இயலும்? ஆதலின் எழுதுதல் வேண்டும்.

எவற்றை எழுதுவது? கோடிட்ட கொப்பி ஒன்று போதும். முதலாவது, நாள், நேரம், இடம், ஒளி, காற்று, முன்னிரவின் உறக்கம் ஆகியன. இரண்டாவது, அன்று திருத்த எடுத்துக்கொண்ட ஒரே பொருள். நிற்கும் நிலையையும் மூச்சையும் ஒரேநாளில் மாற்றினால், எதனால் நன்மை விளைந்தது என்று அறிய முடியாது. மூன்றாவது, முற்கூற்று. நான்காவது, குண்டு உண்மையிற் பட்ட இடமும் புள்ளியும். ஐந்தாவது, மறுநாளுக்கென ஒரு வரி. குண்டின்றிச் செய்யும் பயிற்சியையும் எழுதுக. அதனைப் பொறுப்பாளர் முன்னிலையில், கருவி வெறுமையானது என்று உறுதிசெய்த பின்னரே செய்க.

முற்கூற்று என்றது யாதெனின், விசை விடுபட்ட கணத்தில் குறிகாட்டி எங்கே நின்றது என்பதை, இலக்கையோ திரையையோ பார்க்குமுன் கூறுதல். சூடு ஒவ்வொன்றுக்கும் சிறுவட்டம் ஒன்று வரைந்து, முற்கூற்றைப் பெருக்கற்குறியாலும், பட்ட இடத்தைப் புள்ளியாலும் காட்டுக. இவ்விரண்டையும் ஒப்பிடும்போது மூன்று நிலைகள் தோன்றும். கூறியவிடத்திலேயே குண்டு பட்டு, அது நடுவினின்று விலகியிருப்பின், கண் செவ்வையாகக் கண்டது, கையே பிழைத்தது. நடுவென்று கூறியும் குண்டுகள் யாவும் ஒரே பக்கத்திற் குவியின், குறிகாட்டியையோ, நிற்கும் நிலையையோ, வெளியரங்காயிற் காற்றையோ ஆராய்தல் வேண்டும். நடுவென்று கூறியும் நாற்புறமுஞ் சிதறின், முற்கூற்றே மெய்யானதா என்று முதலில் ஐயுறுக. ஒரே குண்டைக் கண்டு குறிகாட்டியைத் திருப்புதல் ஆகாது.

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவன் சுடும் 40இல் இறுதிப் பத்தும் நாள்தோறும் தாழ்கின்றன என்க. களைப்பே காரணமென அவன் எண்ணுவான். ஒவ்வொரு சூட்டுக்கும் எத்துணை நேரம் குறிபார்த்தான் என்பதையும் எழுதிவந்தால், இறுதியில் அந்நேரம் நீண்டுசெல்வது புலனாகக்கூடும். அங்ஙனமாயின், நெடுநேரம் மூச்சடக்கி நிற்பதால் கண் மங்குகின்றது; கை நடுங்குகின்றது. கருவியைத் தாழ்த்தி, மூச்செடுத்து, மீண்டும் தொடங்குவதே அதற்கு மருந்து. புள்ளிகளின் கூட்டுத்தொகை இதனை அவனுக்கு ஒருபோதும் சொல்லாது.

செய்முறையின் ஒழுங்கையும் கொப்பியில் எழுதிவைத்தல் நன்று. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், 50 மீற்றர் மூன்றுநிலைத் துவக்குப் போட்டியின் இறுதிச் சூட்டுக்கு முன்னர் அமெரிக்கரான மத்தியூ எமன்ஸ் முன்னணியில் நின்றார். 7.2 புள்ளி பெற்றிருந்தாலே அவர் பொன்பதக்கம் வென்றிருப்பார். அவர் சுட்ட குண்டு அயலவரின் இலக்கிற் பட்டது. அவர்க்குப் புள்ளி எதுவும் கிட்டவில்லை. இலக்கின் மேலுள்ள இலக்கத்தை முதலிற் பார்ப்பது அவர் வழக்கம். அன்று மனத்தை அமைதிப்படுத்துவதிலேயே கருத்தூன்றியமையால் அதனைப் பார்க்கத் தவறிவிட்டார். ஆற்றல் மிக்கவர்க்கும் படிமுறை ஒன்று தவறின் என்ன நிகழும் என்பதற்கு இது சான்று.

1972இல் மியூனிக் நகரில் வெள்ளியும், 1976இல் மொன்றியல் நகரில் பொன்னும் வென்ற லனி பஷம் என்பார் குறிப்பேட்டைப் பெரிதும் வலியுறுத்துபவர். பிழையை எழுதினால் பிழையே மனத்திற் பதியும். ஆதலின் தீர்வையும் நன்கு செய்ததையுமே எழுதுக என்பது அவர் கொள்கை. இதில் உண்மை உண்டு. ஆயினும், தொடக்கநிலை மாணவர்க்கு இதனை முழுவதும் விதித்தல் பொருந்தாது என்பது என் கருத்து. பிழை இன்னதென்று அறியாதவன் தீர்வை எங்ஙனம் எழுதுவான்? வலப்பக்கம் விலகியது என்று எழுதுக. ஆனால் அவ்வளவில் நிறுத்தாது, விசையை மெல்ல அழுத்துக என்று வரியை முடிக்க. அப்பொழுது மனத்தில் எஞ்சுவது மருந்தேயாகும்.

இனி, யாவற்றினும் தலையாயது உண்மை. குண்டு பட்ட இடத்தைப் பார்த்தபின் முற்கூற்றைத் திருத்தி எழுதுவோனைப் பிறர் அறியார். ஆயினும் அந்தக் கொப்பியால் அவனுக்கு இனிப் பயன் இல்லை. ஆசிரியர்க்கும் இங்கே ஒரு கடமை உண்டு. மாணவனின் குறிப்பேட்டுக்குப் புள்ளி இடலாகாது; அதிற் கண்ட குறைக்காக அவனைக் கடியவுங் கூடாது. புள்ளிக்காக எழுதத் தொடங்கிய அன்றே, அவன் தனக்காக எழுதுவதை விட்டுவிடுவான்.

துவக்கைத் தொட விரும்பாத மாணவரும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். ஒற்றை விக்கெற்றை நட்டுப் பந்துவீசிப் பயில்வோன், பந்து கையைவிட்டு நீங்கியவுடன் அது விழும் இடத்தைச் சொல்லிப் பார்க்கட்டும். சோதனை எழுதியோன், விடைத்தாள் திரும்பிவருமுன் ஒவ்வொரு வினாவுக்கும் தான் பெறக்கூடிய புள்ளியை எழுதிவைத்துப் பின்னர் ஒப்பிடட்டும். தான் அறிந்ததாக எண்ணியது எது, உண்மையில் அறிந்தது எது என்பது அவனுக்கே விளங்கும். இவ்விழா ஆண்டிலே நம் மாணவர் ஒவ்வொருவரும் தாம் பயிலும் கலை ஒன்றுக்கேனும் ஒரு கொப்பியைத் தொடங்கி, ஒரு தவணை முழுவதும் விடாது எழுதிப் பார்ப்பாராக.