அழிந்த நாடாவும் மீண்ட காட்சியும்

1969ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மனிதர் நிலவில் கால்பதித்த காட்சியை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. நிலவிலிருந்து நொடிக்குப் பத்துப் படங்களாக வந்த அலைகளை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ், ஹனிசக்கிள் கிரீக், அமெரிக்காவின் கோல்டுஸ்டோன் ஆகிய நிலையங்கள் பெற்றன. வீட்டுத் தொலைக்காட்சிக்கேற்ப மாற்றியபோதே காட்சியின் தெளிவு குன்றியது. குன்றாத மூலப்பதிவு காந்த நாடாக்களில் இருந்தது.

பின்னாளில் இரு நாட்டு வல்லுநரும் அந்நாடாக்களைத் தேடினர், கிடைக்கவில்லை. நாடாத் தட்டுப்பாட்டின்போது அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கே வந்தனர். நாடாவை அரிய பொருளாகவும் அதிலிருந்த காட்சியை முடிந்துபோன ஒன்றாகவும் கருதியதே இழப்பிற்குக் காரணம் எனலாம். அக்காலத் தொலைக்காட்சி நிலையங்கள் பலவற்றிலும் இதுவே வழக்கம்.

எனினும் தேடல் வீணாகவில்லை. சிட்னியில் பதிவான நாடாவின் படி, அமெரிக்கச் செய்தி நிறுவனமொன்றின் ஒளிபரப்பு நாடாக்கள், ஹூஸ்டன் விண்வெளி மையத்தில் கிடந்த படச்சுருள்கள் ஆகியவற்றைக் கொண்டு 2009இல் காட்சி செப்பனிடப்பட்டது. இத்தகைய பதிவுகளைக் காப்பதில் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவ வேண்டுமென யுனெஸ்கோ 1980 அக்டோபர் 27இலேயே பரிந்துரைத்திருந்தது. அந்நாளே இன்று உலக ஒலி, ஒளி மரபு நாளாகும்.

ஆயினும் மூலப்பதிவின் முழுத்தெளிவை, அன்று அந்நிலையங்களின் திரைமுன் அமர்ந்திருந்த சிலர் மட்டுமே கண்டனர்.