வேனை வீடாக்குமுன்

சக்கரத்தின்மேல் ஒரு வீடு அமைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. கூண்டு வண்டி கட்டிக்கொண்டு, அரிசி பருப்போடு திருவிழாவுக்குச் சென்று, வண்டிக்கடியிலேயே உறங்கி எழுந்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஜெர்மனியில் வெஸ்ட்பாலியா என்னும் நிறுவனம் 1951-ஆம் ஆண்டிலேயே வோக்ஸ்வேகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தத் தொடங்கிவிட்டது. இத்தகைய வண்டியைக் ‘கேம்பர்’ என்பர். புதிய வண்டி வாங்க வசதியில்லாதவர் பழைய வேனை நாடுவர். பழைய வேன் என்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு வேப்பமரத்தடியில் கேட்பாரற்று நின்ற வேன்தான். அதில் தச்சு வேலை முந்தியா, பழுது பார்த்தல் முந்தியா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

என் தாய்மாமன் வேதாரணியத்துக்கு அருகில் நான்கு ஆண்டுகள் ஓடாமல் நின்ற மாருதி ஆம்னி ஒன்றை வாங்கினார். அத்தையுடன் உதகைக்குப் போய், வண்டியிலேயே தங்கி வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வாங்கிய மறுநாளே தச்சர் அளவெடுக்க வந்துவிட்டார். டிங்கரிங் மேஸ்திரிதான் தடுத்தார். “கட்டில் எங்கேயும் ஓடிப்போகாது தம்பி. முதல்ல தரையைத் தட்டிப் பாருங்க, தகரமே பேசும்” என்று ஒரு திருப்புளியை என் கையில் கொடுத்தார். நல்ல தகரம் ‘டிங்’ என்றது. துருப்பிடித்த இடம் ‘பொத்’ என்றது. ஓரிடத்தில் திருப்புளியே தரைக்குள் இறங்கிவிட்டது!

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். உப்பு சேர்ந்தால் அந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். அப்போது தகட்டின் ஒரு பகுதி நேர்மின்வாயாகவும் மற்றொரு பகுதி எதிர்மின்வாயாகவும் அமைந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்கலமே அங்கு இயங்கத் தொடங்குகிறது. உப்பளக் காற்று வீசும் ஊரில் நின்ற வண்டிக்கு வேறு பகை வேண்டுமா? ஆனால் துருவை வெட்டி எடுப்பதற்கு முன்னால் நீர் எவ்வழியாக உள்ளே வந்தது என்பதைக் கண்டறிய வேண்டும். அதை அடைக்காமல் தகடு மாற்றுவது ஓட்டைப் பானைக்கு வெள்ளையடிப்பது போன்றது.

நாங்கள் கையாண்ட முறை மிக எளியது. இருக்கைகளையும் மிதியடிகளையும் அகற்றி, தரை முழுவதும் பழைய செய்தித்தாளைப் பரப்பினோம். கூரைமீது குடம் குடமாக நீர் ஊற்றினோம். தாள் நனைந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்தோம். முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்திருந்தது. தள்ளுகதவு ஓடும் கீழ்ப்பள்ளத்தில் வேப்பிலையும் மண்ணும் அடைத்து நீர் தேங்கியிருந்தது. கதவின் அடியில் நீர் வடிய விட்டிருந்த துளைகளும் தூர்ந்திருந்தன. மரப்பலகையும் பஞ்சு மெத்தையும் போட்டு இவற்றை மூடியிருந்தால், ஈரம் உலர வழியின்றி ஓரிரு மழைக்காலத்தில் தரையே உதிர்ந்திருக்கும். மேலே கட்டில் மட்டும் அழகாக இருந்திருக்கும்.

துருவின்மேல் பட்டி பூசி வண்ணம் அடிப்பதைப் பழுது பார்த்தல் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. அது விற்பவனின் வேலை. நல்ல தகடு தெரியும்வரை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடு பூசி, இணைப்புகளை அடைத்து, அடிப்புறத்திலும் காப்புப்பூச்சு கொடுக்க வேண்டும். வெல்டிங் தொடங்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் தொட்டியையும் இறக்கித் தொலைவில் வைத்துவிட வேண்டும். தொட்டி காலியாக இருக்கிறதே என்று எண்ணலாகாது. நிரம்பிய தொட்டியைவிட, ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் காலித் தொட்டியே வெடிக்கும் அபாயம் மிக்கது.

தரையிலுள்ள துளை நீரை மட்டும் விடுவதில்லை. சைலன்சர் குழாய் தரைக்கடியில்தான் செல்கிறது. குழாயும் துருப்பிடித்து, தரையும் துருப்பிடித்தால், கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 200 மடங்கு பற்றுடன் சேர்கிறது. விழித்திருப்பவனுக்கே தலைவலியாகத்தான் தோன்றும். உறங்குபவன் எழுந்திருக்க மாட்டான். ஓட்டுவதற்கு மட்டும் பயன்படும் வேனுக்கும் உறங்குவதற்கான வேனுக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே. எல்லாம் செம்மையாக இருந்தாலும் என்ஜினை ஓடவிட்டுப் படுக்கலாகாது.

என்ஜின் எங்களுக்கு அவ்வளவு தொல்லை தரவில்லை. பழைய பெட்ரோலை வடித்து, ஆயில் மாற்றி, பிளக்குகளைக் கழற்றிச் சில துளி எண்ணெய் விட்டு, முதலில் கையால் சுற்றிப் பார்த்த பின்பே சாவி போட்டோம். டைமிங் பெல்ட்டை ஓடிய தூரம் பார்க்காமல் வயது பார்த்து மாற்றினோம். ஆம்னியின் என்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால் பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களையும் விட்டுவைக்கவில்லை. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள்; பழைய ரப்பர் அதற்கு விரைவில் தளரக்கூடும்.

இனி பிரேக். மாமா இதற்குச் செலவிடத்தான் மிகவும் தயங்கினார். “மிதித்தால் நிற்கிறதே மாப்பிள்ளை” என்றார். எங்கள் தெருவில் நிற்கும், உண்மைதான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வருகையில் வண்டி ஏறத்தாழ 1500 மீட்டர் இறங்குகிறது. ஆள், கட்டில், தண்ணீர் எல்லாம் சேர்த்து வண்டியின் நிறை 1200 கிலோ என்று கொண்டு கணக்கிட்டுக் காட்டினேன். இழக்கும் நிலையாற்றல் ஏறக்குறைய 1 கோடியே 76 இலட்சம் ஜூல். சாதாரண வெப்பநிலையிலுள்ள 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது! தாழ்ந்த கியரில் இறங்கினால் என்ஜினும், ஓரளவு காற்றும் ஒரு பங்கை ஏற்கும். மற்றதெல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழும்.

பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட்-3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். நீர் சேர்ந்தபின் விதிக்கப்பட்ட குறைந்த அளவு 140 டிகிரியே. ஆயில் கொதித்துக் குழாயில் ஆவிக்குமிழ் உண்டானால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. எங்கள் வண்டியில் வடித்த ஆயில் காப்பி டிகாக்ஷன் போல இருந்தது. அதைப் பார்த்தபின் மாமா வாதாடவில்லை. வீல் சிலிண்டர்கள், குழாய்கள், பின்சக்கர ஷூ எல்லாம் புதிதாயின. டயர்களில் பட்டை தேயாமல் இருந்தும் அவற்றை ஒதுக்கினோம். பக்கவாட்டில் பொறித்துள்ள கடைசி நான்கு இலக்கம் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். எங்களுடையது 2314, அதாவது 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம்.

எலி கடித்த வயர்களைப் பற்றி எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். பாட்டரிக்கு மிக அருகில் பியூஸ் இல்லாத எந்த வயரையும் மரப்பலகைக்குப் பின்னால் ஓடவிடக் கூடாது என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

சட்டம் ஒன்றும் உண்டு. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். மேலும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுப் புத்தகத்திலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. ஆதலால் இருக்கையை எடுக்கலாமா, எதைப் பொருத்தலாம் என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டறிந்த பின்பே பலகை வாங்கினோம். முக்கால் அங்குல பிளைவுட் முழுப்பலகை ஒன்றே 30 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் மெல்லியதையே தேர்ந்தோம்.

தச்சர் மூன்றாம் மாதத்தில்தான் மறுபடியும் வந்தார். அதற்குமுன் இன்னொரு முறை செய்தித்தாள் விரித்து நீர் ஊற்றிப் பார்த்தோம், தாள் நனையவில்லை. மேஸ்திரியின் சொற்படி, கட்டிலை ஆணியடிக்காமல் நான்கு திருகாணிகளில் பொருத்தினார். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதைக் கழற்றித் தரையைத் தட்டிப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது.