நீட் இல்லாமல் டாக்டர் சீட்?

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீட் எழுதவில்லை. ‘நீட் இல்லாமலே ஜார்ஜியாவில் மருத்துவ சீட்’ என்கிறார் ஏஜென்ட். முன்பணம் கட்டலாமா?
- ஒரு தாய், தேனி

பர்ஸை மூடுங்கள் அம்மா! சீட் கிடைக்கலாம்; திரும்பி வந்த பிறகுதான் வில்லங்கம். நீட்டில் தகுதி பெறாமல் போனவர் இங்கே வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வு எழுத முடியாது. அதில் தேறாவிட்டால் ஸ்டெதாஸ்கோப் வெறும் கழுத்து மாலை.

அடுத்த நீட்டை எழுதட்டும். அரசு சீட்டுக்கான மார்க் தேவையில்லை, தகுதி பெற்றால் போதும். அந்த முடிவு 3 ஆண்டுகள் செல்லும்.

பிறகு ஏஜென்ட்டிடம் கல்லூரியின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலவழியில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, அந்நாட்டிலேயே மருத்துவராகப் பணியாற்ற உரிமம் பெறும் தகுதி - தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதி கேட்பது இவற்றை. ஒன்று இல்லையென்றாலும் ஏஜென்ட்டுக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.