துண்டுப் போர்வையும் பெருநாள் கவுனும்



தையல் என்றதும் நம்மில் பலருக்கு மனைப்பொருளியல் செய்முறைக் கொப்பிதான் நினைவுக்கு வரும். சிறு சதுரத் துணிகளில் ஓட்டத் தையல், பின் தையல், சங்கிலித் தையல் என்று ஒவ்வொன்றாகத் தைத்து, கொப்பியில் ஒட்டி, புள்ளி வாங்கிய பிறகு அது அலுமாரிக்கு மேலே போய்விடும். என்னுடையதும் அப்படித்தான் போனது. பரீட்சைக்காக அல்லாமல் விருப்பத்துக்காகத் தைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதில் நான் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன். ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உடுப்புத் தைக்க ஆசைப்படுகிறவர் அதற்கு முன் ஒரு துண்டுப் போர்வை தைத்துப் பார்க்க வேண்டும். நான் தலைகீழாகத் தொடங்கினேன். அதனால் தங்கச்சியின் பெருநாள் உடுப்பைக் கெடுத்தேன்.

கதை இதுதான். நோன்பு இருபது கழிந்திருந்தது. தங்கச்சிக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளைப் பூப் போட்ட நீலக் கொட்டன் துணி இரண்டரை மீற்றர் வாங்கி வந்த உம்மா, தையற்காரியிடம் கொடுக்கப் போனார். "நான் தைக்கிறேன் உம்மா" என்று கேட்டு வாங்கிக் கொண்டேன். உடல் பாகத்தை ஒழுங்காகத்தான் வெட்டினேன். கைகள் இரண்டையும் வெட்டும்போது, துணியை இரட்டையாக மடிக்காமல் ஒற்றையாக விரித்து, ஒரே தாள் மாதிரியை ஒரே பக்கமாக இரண்டு தடவை வைத்து வெட்டிவிட்டேன். கையின் முன்பக்க வளைவு பின்பக்க வளைவை விடச் சற்று ஆழமானது. ஆகவே ஒரு மாதிரியை அப்படியே வைத்தும், மற்றதைத் திருப்பிப் போட்டும் வெட்டினால்தான் இடம் வலம் என்று சோடி வரும். எனக்கோ இரண்டு இடக் கைகள் கிடைத்தன. மீதித் துணியில் இன்னொரு கை வெட்ட இடமில்லை. கடைக்குப் போனால் அந்தத் துணி முடிந்துவிட்டது.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தங்கச்சிதான் அழுதாள்.

மூத்தம்மா பாயில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருந்தார். "துண்டு இருந்தாத் துணி இருக்கு புள்ள" என்றார். அவருடைய பழைய ட்ரங்குப் பெட்டியில் தைத்த போர்வை ஒன்று இருக்கிறது. மூத்தவாப்பாவின் சாரன்களை வெட்டிச் செய்தது. எல்லாம் மருதமுனைக் கைத்தறிச் சாரன்கள். இடுப்பில் படும் இடம் நைந்த பிறகும் மற்ற இடம் இரும்பு போல இருக்கும். நைந்ததை நீக்கி, நல்லதைச் சதுரமும் நீள்சதுரமுமாகக் கிழித்து, பழைய சேலை ஒன்றின் மேல் அடுக்கி, ஓட்டத் தையலாலேயே முழுவதையும் தைத்திருக்கிறார். அளவு நாடா அவர் தொட்டதில்லை. சாண், நாலு விரல், இரு விரல், அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

அவர் தைக்கும் முறையை நான் அப்போதுதான் கவனித்தேன். ஓரத்திலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து, நடுவில் முடிப்பார். பின்னர் வாசித்தபோது, இதே முறையில் தைப்பவர்கள் வேறிடத்திலும் இருப்பதை அறிந்தேன். இந்தியாவின் கர்நாடகத்தில் சித்திகள் என்றொரு மக்கள் வாழ்கிறார்கள். ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. பழைய உடுப்புகளைக் கொண்டு அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குப் பெயர் கவந்தி. அதுவும் ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றி, நடுவை நோக்கி வருகிறது. நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துண்டுகளைப் பூப் போல வைத்துத் தைக்கிறார்கள். அதைப் பூலா என்கிறார்கள். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பதற்குக் காந்தா என்று பெயர். நூலுக்காகக்கூட அவர்கள் அந்தக் காலத்தில் கடைக்குப் போனதில்லை, சேலைக் கரையிலிருந்தே இழை பிரித்தெடுத்துக் கொண்டார்கள். கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்ற நெடுங்கவிதையில் சாஜு என்ற கிராமத்துப் பெண் பிரிந்துபோன கணவனின் கதையை ஒரு காந்தாவில் ஊசியால் எழுதுகிறாள். இலக்கிய மாணவிகள் தேடி வாசிக்க வேண்டிய படைப்பு அது. இவ்வளவையும் மூத்தம்மாவிடம் சொன்னேன். "அவங்களும் கஷ்டப்பட்டவங்கதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியைக் கையில் தந்தார். அவருக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கக் கண் பிடிபடாது.

இனிப் பாடத்துக்கு வருகிறேன்.

துணியை வாங்கியதும் கழுவுங்கள். கொட்டன் துணி முதற் கழுவலில் சுருங்கும். 100 அங்குலத் துணி 3 சதவீதம் சுருங்கினாலே 3 அங்குலம் போய்விடும். தைத்த பிறகு சுருங்கினால் அது உடுப்பில் போகும், முதலில் சுருங்கினால் துணியில் போகும். புதுத் துணியின் மினுக்கம் போய்விடுமே என்று நினைப்பவர்கள், உடுப்பை என்றைக்காவது கழுவத்தானே வேண்டும் என்பதையும் நினைக்க வேண்டும். போர்வைக்குப் பழந்துணி எடுத்தால் இந்தக் கவலை இல்லை. அது ஏற்கெனவே சுருங்க வேண்டிய அளவு சுருங்கிவிட்டது.

அடுத்தது நூலோட்டம். தறியில் நீளவாட்டில் ஓடுவது பாவு நூல், குறுக்கே ஓடுவது ஊடு நூல். பாவின் திசையில் துணியை இழுத்தால் அசையாது. ஊடின் திசையில் சற்று இளகும். மூலைவிட்டமாக, அதாவது 45 பாகையில் இழுத்துப் பாருங்கள், றப்பர் போல நீளும். உடுப்பின் நீளம் பாவோடு ஓட வேண்டும் என்பது இதனால்தான். சரிந்து வெட்டிய கவுன் இரண்டு கழுவலில் ஒரு பக்கம் தொங்கிவிடும். கழுத்தோரத்துக்கும் கைக்குழிக்கும் வைத்துத் தைக்கும் பட்டியை வேண்டுமென்றே சரிவாக வெட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான், வளைவில் அது சுருக்கமில்லாமல் வளைந்து கொடுக்கும். இவ்வளவையும் நான் ஒரு புத்தகத்தில் வாசித்திருந்தேன். ஆனால் சாரன் துண்டுகளைக் கையில் பிடித்து மூன்று திசையிலும் இழுத்துப் பார்த்த அன்றுதான் விளங்கியது.

மூன்றாவது கால் அங்குலம். துண்டுப் போர்வையில் துண்டுகளை ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளித் தைப்பது வழக்கம். 5 அங்குலச் சதுரம் நான்கு பக்கமும் தைத்து முடிந்ததும் நாலரை அங்குலமாகத் தெரியும். இந்தக் கால் அங்குலத்தில் கவனம் பிசகினால் என்ன நடக்கும் என்று கணக்குப் பார்ப்போம். ஒரு வரிசையில் 12 சதுரங்கள். இணைப்புகள் 11. ஒவ்வோர் ஓரத்திலும் பதினாறில் ஒரு அங்குலம் கூடுதலாகப் பிடித்தால், ஓர் இணைப்பில் எட்டில் ஒரு அங்குலம் குறையும். 11 இணைப்பில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் காணாமற் போகும்! அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் சேரவே சேராது. கண்ணுக்குத் தெரியாத பிழை இப்படித்தான் வளர்கிறது. உடுப்பிலும் இதே கணக்குத்தான். தோள், பக்கம், கை என்று ஒவ்வொரு தையலிலும் சிறிது கூடுதலாகப் பிடித்துவிட்டு, அளவெடுத்ததில் பிழை என்று தையல் மெஷினுக்கு முன்னால் இருந்து யோசிப்போம்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. 2 அங்குல அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டி, பக்கம் பக்கமாக இரண்டு தையலில் இணைத்து, அயன் பண்ணி அளந்து பாருங்கள். சரியாக 5 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் கூடுதலாகப் பிடிக்கிறீர்கள், கூடினால் குறைவாகப் பிடிக்கிறீர்கள். மெஷினின் தகட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து ஒரு துண்டு டேப் ஒட்டிக் கொண்டால் கை தானாகப் பழகிவிடும். எனக்கு ஐந்தாவது முறைதான் சரியாக வந்தது. பழைய சாரன் துண்டு என்பதால் நான்கு முறை பிழைத்ததற்கும் யாரும் கணக்குக் கேட்கவில்லை. பெருநாள் துணியில் இப்படிப் பழக முடியுமா?

அயனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தையலை அடுத்த தையல் கடப்பதற்கு முன் அயன் பண்ணிவிடுங்கள். முதல் வரிசையின் தையல் ஓரங்களை வலப்பக்கமும், அடுத்த வரிசையினதை இடப்பக்கமும் படிய வைத்தால், இரண்டு வரிசையும் சேரும் சந்தியில் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும், நான்கு மூலையும் ஒரே புள்ளியில் சேரும். முதன்முதலாக அப்படிச் சேர்ந்ததைக் கண்ட நாளில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். தம்பி மட்டும் "என்னத்தப் பாக்கச் சொல்றீங்க ராத்தா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

மெஷினைக் கண்டு பயப்படும் தோழிகளுக்காக ஒரு சிறு விளக்கம். எங்கள் வீட்டில் இருப்பது கறுப்பு நிறக் கால்மிதி சிங்கர். அந்த நிறுவனம் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. கைத்தையலில் நூற்துளை ஊசியின் பின்புறம் இருக்கும். மெஷின் ஊசியில் அது கூர்முனைக்கு அருகில் இருக்கும். எலியாஸ் ஹோ என்ற அமெரிக்கர் 1846இல் இத்தகைய ஊசியும் கீழ்நூலும் கொண்ட மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். ஊசி துணிக்குக் கீழே போய், மேலே எழத் தொடங்கும்போது நூல் சிறு வளையமாகும். கீழே சுழலும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்துப் பொபினைச் சுற்றிக் கொண்டு போகும். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவில் பின்னிக் கொள்ளும். துணியின் அடிப்பக்கத்தில் நூல் கூடு கட்டினால் எல்லோரும் பொபினைத்தான் ஏசுவார்கள். பெரும்பாலும் குற்றம் மேல்நூலில் இருக்கும். பாதத்தைத் தூக்கி, மேல்நூலை முழுவதும் உருவி, திரும்பக் கோத்துப் பாருங்கள். ஊசியிலும் இலக்கம் உண்டு. 90/14 என்றால் ஊசியின் தடிப்பு 0.9 மில்லிமீற்றர். சாதாரணக் கொட்டனுக்கு 80 அல்லது 90, மெல்லிய வொயிலுக்கு 70 போதும்.

போர்வையின் மேற்பகுதி முடிந்ததும் நடுவில் ஓர் அடுக்கு, அடியில் ஓர் அடுக்கு வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைப்பதைத்தான் குவில்ட் பண்ணுவது என்கிறார்கள். குளிர் நாடுகளில் நடுவில் தடித்த பஞ்சு விரிப்பு வைப்பார்கள். நமது வெக்கைக்கு அது எதற்கு? ஒரு பழைய சேலை போதும். மூன்று அடுக்கையும் தரையில் இழுத்து விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய தற்காலிகத் தையல் போட்டு, சுருக்கங்களை ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். மூத்தம்மாவின் முறையில் இது தேவைப்படாது. அவர் ஒவ்வொரு துண்டையும் வைக்கும்போதே அடித்துணியோடு தைத்துக் கொண்டு போவார். எது நல்லது என்றால், மெஷினுக்கு முன்னையது, பாயில் இருந்து பேசிக்கொண்டு தைக்கப் பின்னையது. எனக்குப் பின்னையதே பிடிக்கும்.

கெட்டுப்போன கவுனை விட்டுவிட்டேனே! மூத்தம்மா சொன்னதன் பொருள் அன்றிரவுதான் எனக்குப் புரிந்தது. இணைத்து அயன் பண்ணிய துண்டுகள் மீண்டும் ஒரு துணியாகிவிடுகின்றன. அதன்மேல் எந்த மாதிரியையும் வைத்து வெட்டலாம். உம்மாவின் பழைய வெள்ளைச் சேலையையும் மீதி நீலத் துணியையும் ஒன்றரை அங்குலப் பட்டிகளாக வெட்டி, மாறி மாறி இணைத்து, இரண்டு பட்டித் துணிகள் செய்தேன். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். அப்படி வைத்தால் தாள் மாதிரியைத் திருப்ப வேண்டியதில்லை, சோடி தானாக வரும். உம்மா பக்கத்தில் வந்து நின்று, "பிஸ்மி சொல்லி வெட்டு மகள்" என்றார். கத்திரிக்கோலை எடுக்க எனக்குக் கை நடுங்கியது. இரண்டு கைகளும் சோடியாக வந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் தங்கச்சி பெருநாளன்று அதை உடுக்கவில்லை. கை மட்டும் வேறு மாதிரி இருக்கிறது, கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்று போன வருடத்துக் கவுனையே போட்டுக் கொண்டு போனாள். அன்று எனக்கு வட்டிலப்பம்கூட இனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு கலியாண வீட்டுக்கு அவளாகவே அதை எடுத்து உடுத்தாள். யாரோ ஒரு மாமி கையைத் தொட்டுப் பார்த்து எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லவில்லை, உம்மாவிடம்தான் சொன்னாள்.

"இவ்வளவு தைக்கிறாயே, வெளியே எடுத்துத் தைத்தால் நாலு காசு வருமே" என்று கேட்பவர்கள் உண்டு. தைத்து உழைப்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களுக்குத் திகதி உண்டு, வாடிக்கையாளர் உண்டு, பிழைத்தால் நட்டம் உண்டு. எனக்குப் பரீட்சை இருக்கிறது. அஸருக்குப் பிறகு கிடைக்கும் முக்கால் மணித்தியாலத்தில் பிழைத்துப் பிழைத்துத் தைக்கும் உரிமையை இப்போதைக்கு விற்க எனக்கு மனமில்லை.

தொடங்க விரும்பும் தோழிகள் பெரிய போர்வைக்குப் போக வேண்டாம். 5 அங்குலத்தில் ஒன்பது சதுரங்கள், வரிசைக்கு மூன்றாக இணைத்தால் 14 அங்குலத் துண்டு வரும். அடித்துணி வைத்து ஓரத்தைத் தைத்தால் ஒரு கதிரைக்கு விரிப்பு ஆகிவிடும். அதில் நான்கு சந்திகளும் சேர்ந்துவிட்டால் அடுத்தது ஒரு தலையணை உறை. அதன் பிறகு சின்னப் பிள்ளைக்கு ஒரு கையில்லாச் சட்டை. கை வைத்த உடுப்பு அதற்கும் பிறகுதான், துணியை இரட்டையாக மடித்து!

நீலக் கவுன் இப்போது தங்கச்சிக்குச் சின்னதாகிவிட்டது. மூத்தவாப்பாவின் சாரன் போர்வையில் ஓர் ஓரம் நைந்திருக்கிறது, அங்கே வைத்துத் தைக்க அதை வெட்டலாமா என்று கேட்டேன். உடலை வெட்டலாமாம், கை இரண்டையும் தொடக் கூடாதாம்.