உறியில் ஒரு தோட்டம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

தொங்கும் தோட்டம் என்றதும் பாபிலோன் நகரமே நம் நினைவுக்கு வருகிறது. பண்டை உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்று அது எனப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆயினும் அது கயிற்றில் தொங்கியதன்று. படிப்படியாக உயர்ந்த மாடங்களின்மேல் அமைந்த தோட்டம் என்றே பண்டைக் கிரேக்க ஆசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர். பொருளை உண்மையாகவே தொங்கவிட்டுக் காக்கும் கலை நம் வீட்டு அடுக்களையில் இருந்தது. மோரையும் வெண்ணெயையும் பூனைக்கு எட்டாமல் வைத்த உறியே அது. அந்த உறியில் பானைக்குப் பதிலாகச் செடியை வைத்தால் அதுவே தொங்கு பூக்கூடை.

பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள நூம்பலில் நாங்கள் ஒண்டுக் குடித்தனம் இருக்கிறோம். பக்கத்து ஊரின் பெயரிலேயே பூ உண்டு. எங்கள் வாசலில் ஒரு பூச்செடி வைக்க ஒரு முழம் மண் இல்லை. கிராமத்தில் தோட்டம் வைத்துப் பழகிய என் தாயாருக்கு இது பெருங்குறை. அக்குறையைத் தீர்க்க எண்ணிச் சென்ற ஆண்டு ஒரு கம்பிக் கூடையில் ஏரி வண்டலை நிரப்பி, பத்து மணிப் பூச்செடிகளை நட்டுச் சுவர் ஆணியில் மாட்டினேன். நான்காம் நாள் ஆணி காரையோடு பெயர்ந்து கூடை கீழே விழுந்தது. சற்று முன்புதான் பக்கத்து வீட்டுக் குழந்தை அவ்விடத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். நனைந்த கூடை 12 கிலோ இருந்தது! வகுப்பில் படித்ததை வீட்டில் மறந்ததன் பயனை அன்று உணர்ந்தேன். பிறகு கற்றவற்றை இங்கே கூறுகிறேன்.

கணக்கு கூறும் உண்மை

30 செ.மீ. விட்டமுள்ள அரைக்கோளக் கூடையின் கொள்ளளவு ஏறக்குறைய 7 லிட்டர். வண்டலால் நிரப்பினால் 12 கிலோ ஆவதில் வியப்பில்லை. இன்னொரு கணக்கும் உண்டு. கூடையின் வாய்ப் பரப்பு ஏறக்குறைய 707 சதுர செ.மீ.; வளைந்த புறப்பரப்பு 1,414 சதுர செ.மீ. தரையில் உள்ள தொட்டியில் வாய் வழியாக மட்டுமே காற்று பெரிதும் ஈரத்தை உறிஞ்சுகிறது. கம்பிக் கூடையிலோ எல்லாப் பக்கமும் திறப்பு. அதாவது மூன்று மடங்குப் பரப்பு. எனவே தொங்கு கூடைக்கு வேண்டிய மண், எடையில் குறைந்ததாகவும் ஈரத்தைப் பிடிப்பதாகவும் இருத்தல் வேண்டும்.

உள்ளுறையும் கலவையும்

கடையில் தென்னை நார் விரிப்பு கிடைக்கிறது. என் தாயார் காட்டிய வழி அதனினும் எளிது. தென்னை மட்டையின் அடியில் வலை போல் இருக்கும் பன்னாடையை இரண்டு மூன்று அடுக்காகக் கூடையினுள் விரித்தோம். அது மண்ணைத் தாங்கும், மிகுந்த நீரை வெளியேற்றும், செலவும் இல்லை.

கலவைக்குத் தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்த பின்னரே சேர்க்க வேண்டும். விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் குறைய நிரப்பினால் நீர் வழிந்தோடாது. இவ்வாறு அமைத்த எங்கள் இரண்டாவது கூடை, நனைந்த நிலையில் 7 கிலோவே இருந்தது. அதனையும் சுவர் ஆணியில் மாட்டாமல், உத்தரத்தைச் சுற்றிக் கட்டிய கம்பி வளையத்தில் கொக்கியிட்டுத் தொங்கவிட்டோம். கல்நார்த் தகட்டுக் கூரையில் ஒருபோதும் மாட்டலாகாது.

எந்தச் செடி?

ஆறு மணி நேரம் வெயில் படும் இடத்திற்குப் பத்து மணிப் பூவே சிறந்தது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, சதைப்பற்றான இலைகளில் நீரைச் சேமிக்கிறது. மூன்று அங்குல நீளத் தண்டுத் துண்டுகள் ஏழெட்டை நட்டாலே போதும். பெட்டூனியா நம் சமவெளியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரையே செழிக்கும். நிழலான தாழ்வாரத்திற்கு மணி பிளாண்ட், சிலந்திச் செடி, நெப்ரோலெப்பிஸ் பெரணி ஆகியவை ஏற்றவை.

மாமரக் கிளைகளில் தொற்றி வளரும் வாண்டா ஆர்க்கிட்டுக்கு மண்ணே வேண்டுவதில்லை. அதன் வேரைப் போர்த்தியுள்ள வெலாமன் என்னும் பஞ்சு போன்ற திசு மழைநீரை உறிஞ்சிக்கொள்கிறது. இத்தகைய தொற்றுத் தாவரங்களுக்குக் கூடையில் கரித்துண்டும் ஓட்டுச் சில்லும் இட்டால் போதுமானது. இயற்கை, உறியை நமக்கு முன்பே அறிந்திருந்தது போலும்!

பராமரிப்பு

கோடையில் காலை, மாலை இரு வேளையும் நீர் தேவைப்படும். கூடையைச் சற்றே தூக்கிப் பார்த்து, எடை குறைந்திருந்தால் ஊற்றலாம். முற்றிலும் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் நீர் உள்ளே இறங்காமல் ஓரமாக ஓடிவிடும். அப்போது கூடையை ஒரு வாளி நீரில் அமிழ்த்தி, குமிழிகள் நின்றபின் எடுக்க வேண்டும். உப்பு நீர் ஊற்றும் வீடுகளில் மண்மேல் வெண்படலம் படியும்; மழைநீரைப் பிடித்து ஊற்றினால் அது கரைந்து வெளியேறும்.

அடிக்கடி நீர் வடிவதால் சத்தும் வடிந்துவிடுகிறது. ஆகவே 15 நாட்களுக்கு ஒருமுறை, 19:19:19 என்னும் நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து ஊற்றலாம். தண்டின் நுனியைக் கிள்ளிவிடுதலும் இன்றியமையாதது. நுனி மொட்டில் உருவாகும் ஆக்சின் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது; நுனியைக் கிள்ளினால் அவை விழித்துக் கிளைக்கும். பாடத்தில் 'நுனி ஆதிக்கம்' எனப் படித்ததைக் கூடையில் கண்ணாரக் காணலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். கூடையின் கீழே தட்டு வைத்தால் அதில் நீர் தேங்க விடக்கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம் பத்து நாட்களே போதும். மழைக்காலத்தில் புயல் அறிவிப்பு வந்தவுடன் கூடைகளை இறக்கித் தரையில் வைத்துவிட வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் பெரிய மரங்களையே சாய்த்தது. ஒரு கூடை எம்மாத்திரம்?

முடிவாக

எங்கள் கூடையில் இப்போது நாள்தோறும் காலையில் பூக்கள் விரிகின்றன. வேலைக்குப் புறப்படும் முன் என் தாயார் அதைத் தூக்கி எடை பார்த்துவிட்டே செல்கிறார். ஆக்சினையும் வெலாமனையும் நான் அவருக்குச் சொன்னேன். பன்னாடையையும் உறியையும் அவர் எனக்குச் சொன்னார். படிப்பும் பழக்கமும் கைகோத்தால் மண்ணில்லா வீட்டிலும் பூ மலரும் என்பதே நான் கற்ற பாடம். மண் இல்லையே என வருந்தும் நண்பர்கள், வீட்டு உத்தரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்களாக!