எண் இறங்கினால் வால்வு பிழைக்குமா?

ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று வந்ததும், மருந்துக்குப் போகும் முன் இயற்கையாக ஏதாவது உண்டா என்று தேடுகிறவர்களுக்குச் சீக்கிரமே தட்டுப்படும் பெயர் தாவர ஸ்டெரால். நம் உடலின் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் பார்க்கும் வேலையைச் செடியின் செல்லில் பார்க்கும் கொழுப்புப் பொருள் அது. சிட்டோஸ்டெரால், கேம்பெஸ்டெரால் என்று பல வகை உண்டு. அமைப்பில் கொலஸ்ட்ராலின் உடன்பிறப்பு போலவே இருக்கும். பக்கச் சங்கிலியில் ஓரிரு கார்பன் மட்டும் கூடுதல். அந்தச் சாயலால்தான் குடலில் கொலஸ்ட்ரால் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொண்டு, அதை உடம்புக்குள் போகவிடாமல் வெளியேற்றுகிறது. ஒரு நாளைக்கு 2 கிராம் எடுத்தால் சில வாரங்களில் எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் 8 முதல் 10 சதவீதம் இறங்கும். இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் எண் இறங்கிவிட்டது, அதனால் இதயம் தப்பியது, அதனால் வால்வும் தப்பியது என்று அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டு போகிறார்களே, அங்கேதான் நான் நிற்கிறேன். இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து படித்ததில் நான் கற்றது இதுதான்: உணவில் இயல்பாக வரும் தாவர ஸ்டெரால் வேறு, கிராம் கணக்கில் செறிவாக்கி விற்கப்படுவது வேறு. இரண்டாவதை வால்வுக்கு நல்லது என்று நம்பி வாங்க இன்றுவரை ஆதாரம் இல்லை.

இந்தக் கதையின் முக்கியமான அத்தியாயம் பின்லாந்தில் நடந்தது. 1995இல் தாத்து மியெட்டினென் தலைமையில் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள், வடக்குக் கரேலியாவில் 153 பேருக்குச் சிட்டோஸ்டேனால் (சிட்டோஸ்டெராலின் நிறைவுற்ற வடிவம்) சேர்த்த மார்ஜரினை ஓராண்டு கொடுத்து, மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 10 சதவீதம் இறங்கியதைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டில் ரைசியோ நிறுவனத்தின் பெனெகால் என்ற பெயரில் அந்த மார்ஜரின் கடைக்கு வந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2008இல், மியெட்டினென் இடம்பெற்ற ஒரு குழு, சுருங்கிப்போய் அறுவை சிகிச்சையில் வெட்டியெடுக்கப்பட்ட பெருந்தமனி வால்வுகளைச் சோதித்தது. அவற்றில் கொலஸ்ட்ராலோடு தாவர ஸ்டெராலும் படிந்திருந்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரில் ஆலிவர் வைன்கார்ட்னர் குழுவினர், வால்வு சுருக்கத்துக்கு அறுவை செய்துகொண்ட 82 பேரைப் பார்த்தார்கள். ஸ்டெரால் மார்ஜரின் சாப்பிட்டு வந்தவர்களின் ரத்தத்தில் மட்டுமல்ல, வால்வுத் திசுவிலும் தாவர ஸ்டெரால் கூடுதலாக இருந்தது. ஸ்டெரால் ஊட்டப்பட்ட எலிகளின் ரத்தக்குழாய்கள் சரியாக விரியவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆக, சாப்பிட்ட ஸ்டெரால் குடலோடு நின்றுவிடுவதில்லை; ஒரு பங்கு உள்ளே போகிறது, போனது வால்வு வரை எட்டுகிறது.

அந்தப் பங்கு மிகச் சிறியது என்பது உண்மை. சாப்பிடும் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய பாதி உடம்பில் சேர்கிறது. தாவர ஸ்டெராலில் 5 சதவீதம்கூடச் சேர்வதில்லை. உள்ளே நுழைந்ததையும் குடலுக்கும் பித்தத்துக்கும் திருப்பி இறைத்து விடவென்றே ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற இரண்டு புரதங்கள் ஜோடியாக வேலை செய்கின்றன. இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: இவ்வளவு மெனக்கெட்டு உடம்பு வெளியே தள்ளுகிற ஒன்றை நாம் ஏன் வலிந்து ஊட்ட வேண்டும்? அந்த இறைப்பான்கள் பழுதானால் என்ன ஆகும் என்பதை 1974இல் பட்டாச்சார்யாவும் கானரும் இரண்டு சகோதரிகளிடம் கண்டு எழுதினார்கள். தசைநாண்களில் கொழுப்புக் கட்டிகள், ரத்தத்தில் ஏராளமான சிட்டோஸ்டெரால். இந்த நோய் உள்ளவர்களுக்கு இளவயதிலேயே இதயத் தமனி அடைப்பு வரலாம். அவர்கள் ரத்தத்தில் இருக்கும் அளவு, மார்ஜரின் சாப்பிடுபவரின் அளவைப் போலப் பல மடங்கு. அதை அப்படியே நம்மீது போட்டுப் பார்ப்பது நியாயமில்லை. ஆனால் 2020இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட மரபணு ஆய்வு, இந்த இரண்டு மரபணுக்களின் சாதாரண வேறுபாடுகள்கூட இதயத் தமனி நோயின் வாய்ப்பை மாற்றுகின்றன என்றும், அந்த மாற்றம் முழுவதையும் கொலஸ்ட்ரால் கணக்கால் மட்டும் விளக்க முடியவில்லை என்றும் காட்டியது. குற்றம் நிரூபணமாகிவிட்டதாக நான் சொல்லவில்லை. விசாரணை முடியாத ஒன்றுக்கு நற்சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்கிறேன்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது: ரத்தத்தில் இருப்பதுதானே வால்வில் இருக்கும், படிந்திருப்பதால் மட்டும் அது குற்றவாளி ஆகிவிடுமா? ஆகாது. வால்வில் இருக்கும் கொலஸ்ட்ராலோடு ஒப்பிட்டால் தாவர ஸ்டெரால் கொஞ்சம்தான். ஹோம்பர்க் ஆய்வில் அந்த மார்ஜரினைச் சாப்பிட்டவர்களும் வெறும் பத்துப் பேர். காய்கறி உணவுக்காரர்கள் தாவர ஸ்டெரால் அதிகமாகவே சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கு இதய நோய் குறைவுதானே என்பது இன்னொரு கேள்வி. அந்த உணவில் நார்ச்சத்து இருக்கிறது, நிறைவுறாக் கொழுப்பு இருக்கிறது. அந்தத் தட்டின் நன்மையைத் தனியாகப் பிரித்தெடுத்த ஒரு பொருளின் கணக்கில் எழுத முடியாது. மூன்றாவது, எல்.டி.எல். குறைவது ஒன்றே போதாதா என்பது. வால்வைப் பொறுத்தவரை போதவில்லை என்பதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. 2008இல் வெளியான சீஸ் (SEAS) என்ற ஆய்வில், வால்வு சுருக்கம் உள்ள 1,873 பேரில் ஒரு பாதிக்குச் சிம்வாஸ்டாட்டின், எசெட்டிமைப் என்ற இரண்டு கொலஸ்ட்ரால் மருந்துகளும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கொடுக்கப்பட்டன. எல்.டி.எல். பாதிக்கும் கீழே போனது. வால்வின் சுருக்கமோ நிற்கவில்லை. பாதியாகக் குறைத்தும் கேட்காத வால்வு, பத்து சதவீதத்துக்கா கேட்கும்?

நேர்மையாகப் பார்த்தால் இதே சான்று என் சந்தேகத்தையும் கொஞ்சம் பலவீனப்படுத்துகிறது. எசெட்டிமைப் கொலஸ்ட்ராலோடு சேர்த்துத் தாவர ஸ்டெரால் உள்ளே போவதையும் தடுக்கும் மருந்து. இரண்டும் குறைந்தும் வால்வுக்குப் பயனில்லை என்றால், ஸ்டெராலைக் குறைப்பதும் நோய் வந்தபின் உதவவில்லை என்றுதான் பொருள். காரணம் வால்வின் நோய் நடக்கும் விதத்தில் இருக்கலாம். நாளொன்றுக்கு லட்சம் தடவை போலத் திறந்து மூடும் அந்த மெல்லிய இதழ்களில் முதலில் கொழுப்பு கசிகிறது, வீக்கம் வருகிறது, பிறகு அங்குள்ள செல்களே எலும்புச் செல்லைப் போல மாறிக் கால்சியத்தைச் சேர்க்கத் தொடங்குகின்றன. அந்தக் கட்டம் வந்தபின் கொழுப்பைக் குறைப்பது காலம் கடந்த வைத்தியம். பிறவியிலேயே எல்.டி.எல்.லைக் கூட்டும் மரபணு உள்ளவர்களுக்கு வால்வு சுருக்கமும் கூடுதல் என்று 2014இல் வந்த ஆய்வு இதற்குப் பொருந்துகிறது. எனவே இளவயதிலிருந்தே எல்.டி.எல்.லைக் கட்டுக்குள் வைப்பது வால்வுக்கும் உதவக்கூடும். அதற்கு மாரடைப்பையே குறைத்துக் காட்டிய ஸ்டாட்டின் இருக்கிறது. ஸ்டெராலுக்கு அப்படி மாரடைப்பை எண்ணிப் பார்த்த பெரிய சோதனை ஒன்றும் இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இல் தன் வழிகாட்டுதலில் இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றதற்கும் அந்த ஆதாரக் குறைவுதான் காரணம்.

இதையெல்லாம் அன்றாடத்துக்குக் கொண்டுவந்தால் நான் சொல்லக்கூடியது இவ்வளவே. நல்லெண்ணெய், வேர்க்கடலை, எள், பருப்பு, தவிட்டெண்ணெய் எதையும் ஸ்டெராலுக்குப் பயந்து ஒதுக்க வேண்டாம். சாதாரணச் சாப்பாட்டில் நாளுக்கு 200 முதல் 400 மில்லிகிராம்தான் வருகிறது, அதை உடம்பு சமாளித்துக்கொள்ளும். எக்கோவில் வால்வு தடித்திருக்கிறது என்றோ, மூன்றுக்குப் பதில் இரண்டே இதழ் என்றோ வந்தவர்கள் ஸ்டெரால் மாத்திரையையும் மார்ஜரினையும் தாமாகத் தொடங்க வேண்டாம். தசைநாணில் கட்டியோ, இளவயது மாரடைப்போ குடும்பத்தில் இருந்தால் அறவே வேண்டாம். பொட்டலத்தை வாங்குமுன் ஸ்டெராலா ஸ்டேனாலா என்று படித்துப் பாருங்கள். ஸ்டேனால் இன்னும் குறைவாகவே உள்ளே போகிறது, ரத்தத்தில் தாவர ஸ்டெராலைக் கூட்டுவதில்லை. நாளுக்கு 3 கிராமுக்கு மேல் கூடாது, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது பொருந்தாமல் போகலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் அட்டையிலேயே அச்சிடச் சொல்கிறது. இந்தப் பொருளுக்குச் செலவிடும் பணத்தில் ஒருமுறை லிப்போபுரோட்டீன் ஏ அளவைப் பார்த்துக்கொள்ளலாம். வால்வில் கால்சியம் படிவதோடு அதன் அளவை முடிவுசெய்யும் மரபணுவுக்குள்ள தொடர்பு 2013இல் உறுதியானது. சுருக்கம் ஏற்கெனவே இருப்பவர், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, அன்றே இதய மருத்துவரிடம் போக வேண்டும். அந்தக் கட்டத்தில் வால்வை மாற்றுவதுதான் வைத்தியம். 2002இல் பிரான்ஸின் ருவான் நகரில் அலென் கிரிபியே நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாக முதல் வால்வைப் பொருத்தியதிலிருந்து, பெரிய அறுவையைத் தாங்க முடியாத முதியவர்களுக்கும் அது எட்டக்கூடியதாகிவிட்டது.