பூச்சிக்கு எலும்பு உண்டா?

எங்கள் செஞ்சிக்கு வருவோர் ராஜகிரியின் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் கண்டு வியந்து திரும்புகின்றனர். மலையடிவாரத்து ஆவாரம் புதர்களில் இலையோடு இலையாக அமர்ந்திருக்கும் பச்சோந்தியை அவர்கள் காண்பதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கண்ணுக்கு மட்டும் அது தப்பாது.

நாங்கள் ஏழாம் வகுப்பில் படித்தபோது, தோழி ஒருத்தியின் தம்பி அப்படி ஓர் இளம் பச்சோந்தியைப் பிடித்து வந்தான். பழைய மீன் தொட்டி ஒன்றில் கிளைகளை நட்டு அதனை விட்டோம். ஜன்னலோரம் வைத்தால் வெயில் கிடைக்கும் என்று அங்கேயே வைத்து, மேலே கண்ணாடியால் சிறிது இடைவெளி விட்டு மூடினோம். நால்வரும் முறை வைத்துச் சுவர்க்கோழிகளைப் பிடித்துப் போட்டோம். ஒரு நாள்கூட அது பட்டினி கிடந்ததில்லை.

ஆயினும் இரண்டு மாதத்தில் அதன் முன்னங்கால்கள் வில்லாக வளைந்தன. கிளையைப் பற்ற இயலாமல் விழுந்தது. பூச்சியைக் கண்டு வாயைத் திறக்கும், நாக்கு நீளாது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றபோது அவர் தாடையை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்து, "எலும்பு ரப்பர் மாதிரி ஆகிவிட்டது, அம்மா" என்றார். மூன்றாம் நாள் அது இறந்தது. வயிறு நிறையத் தின்ற உயிர் ஏன் இறந்தது என்பதே எங்களை இப்பாடத்தைப் படிக்க வைத்த கேள்வி.

விடை பூச்சியின் உடலில் இருக்கிறது. பூச்சிக்கு எலும்பு இல்லை. அதன் ஓடு கைட்டின் என்னும் பொருளால் ஆனது. அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஊர்வனவற்றின் உணவில் ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு கால்சியம் இருப்பது நல்லது என்பர். சுவர்க்கோழியிலோ கணக்கு தலைகீழ். பாஸ்பரஸே பல மடங்கு அதிகம். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசைகளும் இயங்கா. ஆகவே கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து இரத்தத்திற்கு அனுப்புகிறது. அன்றைய பிழைப்புக்கு வீட்டுத் தூணையே அறுத்து விற்பது போன்றது இது.

பாம்புக்கும் முதலைக்கும் இத்தொல்லை பொதுவாக இல்லை. பாம்பு எலியை எலும்போடு விழுங்குகிறது. முதலை மீனை முள்ளோடு விழுங்குகிறது. 1972இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய கிண்டிப் பாம்புப் பண்ணைக்கும், 1976இல் வடநெம்மேலியில் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணைக்கும் சுற்றுலா செல்லும் தோழியர், உணவளிக்கும் நேரத்தில் இதனைக் கவனிக்கலாம். எலும்பில்லா இறைச்சி சிங்கத்தையே முடமாக்கியதுண்டு. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் சிங்கக் குட்டிகள் ரிக்கட்ஸ் நோயால் மடிந்துகொண்டிருந்தன. 1889இல் பிளாண்ட்-சட்டன் என்ற மருத்துவர் அவற்றின் உணவில் நொறுக்கிய எலும்பையும் பாலையும் மீன் எண்ணெயையும் சேர்க்கச் செய்தார்; குட்டிகள் தேறின. வைட்டமின் டி என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை!

பூச்சி தின்னும் பிராணிகளை வளர்ப்போர் இதற்கு ஓர் எளிய வழி கண்டுள்ளனர். மூடியுள்ள டப்பாவில் பூச்சிகளை இட்டு, ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட் தூளைத் தூவி மெல்லக் குலுக்குவர். மாவில் புரட்டிய பலகாரம் போலப் பூச்சி வெண்மையாகிவிடும். உடனே உணவாகக் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் சுவர்க்கோழி தன் உடம்பைத் தானே துடைத்துக்கொண்டுவிடும். வளரும் குட்டிக்கு அடிக்கடியும், வளர்ந்ததற்கு இடைவெளி விட்டும் தூவுவர். இன்னொரு வழி, பூச்சிக்கே ஒரு நாள் முன்னதாகக் கீரையும் காய்கறியும் சத்து மாவும் கொடுத்து அதன் வயிற்றை நிரப்புவது. முருங்கைக் கீரையிலும் கேழ்வரகிலும் கால்சியம் மிகுதி என்பதை நம் வீட்டார் அறிவர்.

தோழியின் பாட்டி, "வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவினால் போச்சு" என்றார். அது கூடாது. நீற்றிய சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும். முட்டை ஓடும் கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் கொடுப்பதும் இதனாலேயே.

தூள் மட்டும் போதுமா? போதாது. கால்சியத்தைக் குடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். பச்சோந்தி போன்ற பகல் பிராணிகள் வெயிலின் புற ஊதாக் கதிரைக் கொண்டு அதனைத் தோலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. இங்கேதான் எங்கள் இரண்டாவது தவறு. சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தையும் வெப்பத்தையும் உள்ளே விடும். தேவையான அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஜன்னலோரத்தில் எங்கள் பச்சோந்தி வெயிலில் இருந்தும் வெயில் இல்லாமல் இருந்தது. வெயில் பெறாதவற்றுக்கு டி3 கலந்த தூளும் உண்டு. அளவு மிஞ்சினால் அது உடலில் தங்கிச் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியச் செய்யும். எனவே மருத்துவர் சொல்லும் அளவே கணக்கு.

காட்டில் யாரும் தூள் தூவுவதில்லையே என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அங்கே நாளெல்லாம் வெயில். உணவும் ஒரே சுவர்க்கோழி அன்று. வெட்டுக்கிளி, ஈ, வண்டு, புழு என்று பலவகை. அவை தின்றதும் பலவகைத் தழை. எங்கள் வகுப்பறை அலமாரியின் பின்னே கிடந்த பல்லி முட்டையை எடுத்துப் பார்த்தோம். சுண்ணாம்பு ஓடு, நகத்தால் தட்டினால் ஓசை கேட்கிறது. பூச்சியை மட்டுமே தின்று அந்தத் தாய்ப்பல்லி இவ்வளவு சுண்ணாம்பைச் சேர்த்திருக்கிறது! பல்லி இனங்கள் சிலவற்றுக்குக் கழுத்தில் சுண்ணாம்பைச் சேமிக்கும் பைகளே உண்டு.

ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. நட்சத்திர ஆமைக்கும் அப்படியே. மருத்துவர் எங்களைக் கடிந்துகொண்டதும் அதற்காகவே. அடிபட்டதைக் கண்டால் வனத்துறையாரிடம் சொல்ல வேண்டும். ஓணானைக் கல்லால் அடிக்கும் அண்ணன் தம்பியருக்கும் இதனைச் சொல்லி வைக்கலாம்; கேட்பார்களா என்பது வேறு.

சென்ற மாதம் கோட்டைக்குச் சென்றபோது ஆவாரம் கிளையில் மற்றொன்றைக் கண்டோம். கால்கள் நேராக இருந்தன. ஒரு கண் எங்களைப் பார்க்க, மறு கண் வெட்டுக்கிளியைப் பார்த்தது. நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். நாக்கு நீண்டது, வெட்டுக்கிளியைக் காணோம்.